தேவாரமும் கணிதமும் ஒரே மண்டபத்தில்

கோலாலம்பூர், செந்தூல் வட்டாரத்தைச் சேர்ந்த 27 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் ஒன்றை அனுப்பியிருக்கிறார். அவரையோ அவருடைய ஆலயத்தையோ அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, அதன் சாரத்தை மட்டும் முதலில் தருகிறேன்.

இவர் வீட்டருகே உள்ள ஆலயத்தில் ஞாயிறு காலை தேவார வகுப்பு நடத்தி வருகிறார். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான அரசாங்கக் குடியிருப்பான, பக்கத்து பி.பி.ஆர். அடுக்குமாடியிலிருந்து வரும் பிள்ளைகளில் பலர் மலாய்மொழியிலும் கணிதத்திலும் மிகவும் பின்தங்கியிருப்பதைக் கண்டு, நண்பர்கள் எட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு, தேவாரம் முடிந்ததும் அதே மண்டபத்தில் இலவசமாகப் பாடமும் சொல்லித்தரத் தொடங்கினார். இடைநிலைப்பள்ளி மாணவர்களை மாதம் ஒருமுறை முதியோர் இல்லம் ஒன்றுக்கு அழைத்துச் செல்கிறார்கள். பிள்ளைகளின் எண்ணிக்கை இப்போது நாற்பதைத் தொட்டுவிட்டது. சிக்கலும் அதிலிருந்தே தொடங்கியிருக்கிறது.

ஆலயத் தலைவர், "ஆலயம் சமயத்துக்கு, டியூஷனுக்கு வேறு இடம் பாருங்கள்" என்கிறார். செயலவை உறுப்பினர் ஒருவர், "சமய வகுப்புக்கு உரிமம் தேவையில்லை, ஆகவே எல்லாவற்றையும் சமய வகுப்பு என்றே எழுதிக்கொள்ளுங்கள்" என்று வழி சொல்கிறார். இன்னொருவர், "தேவாரம் பாடாத பிள்ளைக்குப் பாடமும் கிடையாது" என்று ஒரு விதியையே முன்மொழிந்துவிட்டார். அவர் மனத்தில் இருப்பவர்கள் மூவர்: அடுக்குமாடியிலிருந்து பாடத்துக்கு மட்டும் வரும் கிறிஸ்துவக் குடும்பத்துப் பிள்ளைகள் இருவர், இந்துக் குடும்பத்தில் பிறந்தும், "படிக்க வருவேன், முதியோர் இல்லத்துக்கும் வருவேன், பாட மாட்டேன்" என்று சொல்லும் நான்காம் படிவ மாணவன் ஒருவன். இதற்கிடையே தொழிலதிபர் ஒருவர் 10,000 ரிங்கிட் தர முன்வந்திருக்கிறார். தம் நிறுவனத்தின் பதாகையோடு பிள்ளைகள் நிற்கும் படமும் வரிவிலக்கு ரசீதும் வேண்டும் என்கிறார். இதுவரை வந்த நன்கொடைகள் வாசகியின் சொந்தச் சேமிப்புக் கணக்கில் இருக்கின்றன. "ஆலயத்தை விட்டு வெளியேறித் தனியாக நடத்தலாமா? நாங்கள் நண்பர்கள்தாமே, பதிவு எதுவும் தேவைப்படாது அல்லவா? 'நல்லது செய்யப் போய் வழக்கில் மாட்டிக்கொள்ளாதே' என்று அம்மா அழுகிறார்" என்று கடிதம் முடிகிறது.

சகோதரி, உங்கள் அம்மாவின் அச்சத்தைத் தள்ளிவிட வேண்டாம். ஆனால் அவர் அஞ்சும் இடம் வேறு, உண்மையான ஆபத்து இருக்கும் இடம் வேறு. இலவசமாகப் பாடம் சொல்லிக் கொடுத்ததற்காக யாரும் உங்களைப் பிடித்துக்கொண்டு போகப் போவதில்லை. கணக்கு, பொறுப்பு, பிள்ளைகளின் பாதுகாப்பு ஆகிய மூன்றிலும் இன்று உங்களிடம் எழுதிவைத்த விதி ஒன்றுகூட இல்லை என்பதுதான் கடிதத்தைப் படித்த எனக்குக் கவலை தந்தது.

நீங்கள் ஒரே காலைப்பொழுதில் மூன்று வேலைகள் செய்கிறீர்கள்: சமயம் கற்பிக்கிறீர்கள், பள்ளிப் பாடம் கற்பிக்கிறீர்கள், இளையோரைத் தொண்டில் பழக்குகிறீர்கள். உங்கள் மனத்தில் மூன்றும் ஒன்றே. நம் மரபிலும் அவை பிரிந்து நின்றதில்லை; பதிகம் பாடிய அப்பரின் கையில்தான் ஆலயத்தைத் துப்புரவு செய்யும் உழவாரமும் இருந்தது. ஆனால் சட்டம் இம்மூன்றையும் மூன்று விதமாகப் பார்க்கிறது. ஒரே வீட்டில் மூன்று அறைகள் இருக்கலாம். ஓர் அறைக்குள் போகாதவனை அடுத்த அறைக்கும் விடமாட்டேன் என்று தாழ்ப்பாள் போடும்போதுதான் சட்டத்திலும் அறத்திலும் சிக்கல் எழுகிறது. உங்கள் கேள்விகளுக்கெல்லாம் என் பதில் இதிலிருந்துதான் கிளைக்கிறது.

"சமய வகுப்பு" என்று எழுதிக்கொண்டால் போதுமா?

போதாது. அந்தச் செயலவை உறுப்பினர் பாதிச் சட்டத்தைத் தெரிந்துவைத்திருக்கிறார்; அந்தப் பாதி சரியானதுதான். கூட்டரசு அரசியலமைப்பின் 11(3)ஆவது பிரிவு, ஒவ்வொரு சமயக் குழுவும் தன் சமயக் காரியங்களைத் தானே நிர்வகிக்கவும், சமய நோக்கத்துக்கும் அறநோக்கத்துக்கும் நிலையங்களை அமைத்து நடத்தவும் உரிமை தருகிறது. 12(2)ஆவது பிரிவு, தன் சமயத்தைத் தன் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நிலையங்களை நடத்தும் உரிமையைத் தனியாகவே சொல்கிறது. 1996ஆம் ஆண்டு கல்விச் சட்டமும், கல்வி நிலையம் எது என்று வரையறுக்கும்போது, சமயம் மட்டுமே கற்பிக்கப்படும் இடத்தை அந்த வரையறையிலிருந்து விலக்கி வைக்கிறது. உங்கள் தேவார வகுப்புக்குக் கல்வி இலாகாவின் பதிவு தேவைப்படாததற்குக் காரணம் இதுவே.

அவர் கவனிக்காமல் விட்ட சொல் "மட்டுமே" என்பது. அதே வரையறையின்படி, ஓர் அமைப்பின் பணியாக, ஒரு வகுப்பாகவோ பல வகுப்புகளாகவோ, வழக்கமாகக் கற்பித்தல் நடைபெறும் இடம் கல்வி நிலையமாகிறது. கட்டணம் வாங்குகிறீர்களா இல்லையா என்பது அந்த வரையறையில் இல்லை. ஆக, கரும்பலகையில் பின்னக் கணக்கு ஏறிய வாரத்திலிருந்தே, சமயம் மட்டுமே கற்பிக்கும் இடம் என்ற விலக்கை உங்கள் மண்டபம் இழந்துவிடுகிறது. "இலவசம் என்பதால் சட்டம் கண்டுகொள்ளாது" என்ற உங்கள் எண்ணமும், "பெயரை மாற்றிவிட்டால் தீர்ந்தது" என்ற அவருடைய எண்ணமும் ஒரே தவறின் இரு முனைகள். நாளை ஏதேனும் விசாரணை வந்தால், கணித வகுப்பைச் சமய வகுப்பு என்று எழுதிவைத்த பதிவேடு உங்களைக் காப்பாற்றாது. பொய்யாக எழுதினீர்கள் என்பதற்கு அதுவே சாட்சியாகிவிடும்.

அப்படியானால் பாட வகுப்பை மூடிவிடுவதா? தேவையில்லை, வழிகள் இருக்கின்றன. மண்டபத்தையே டியூஷன் நிலையமாகப் பதிவு செய்வது ஒரு வழி. ஆனால் அதற்குக் கட்டடம் தொடர்பாக மாநகர் மன்றத்தின் ஒப்புதலும் தீயணைப்புத் துறையின் ஒப்புதலும் வேண்டியிருக்கும், கற்பிப்பவர்களுக்கு அனுமதிச் சான்று வேண்டும், பழைய ஆலய மண்டபங்களுக்கு இவை எளிதில் கிடைப்பதில்லை. நாற்பது பிள்ளைகளுக்காக இந்தப் பாதையில் இறங்க நான் சொல்லமாட்டேன். அருகிலுள்ள தமிழ்ப்பள்ளியின் தலைமையாசிரியரையும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தையும் சந்தித்து, பாட வகுப்பை அவர்களுடைய திட்டமாக, பள்ளியின் வகுப்பறையிலேயே நடத்த முடியுமா என்று கேளுங்கள். பலகை, மேசை, விளக்கு எல்லாம் அங்கே தயாராக இருக்கின்றன; பொறுப்பும் ஏற்கெனவே உள்ள ஓர் அமைப்பின்கீழ் வந்துவிடும். எட்டரைக்கு ஆலயத்தில் தேவாரம், பத்தரைக்குப் பள்ளியில் பாடம் என்று வைத்துக்கொண்டால், இரண்டிடங்களுக்கும் இடையே நடக்கும் நேரத்தில் பிள்ளைகள் பசியாறியும் விடலாம். பள்ளி மறுத்துவிட்டால், கூட்டரசுப் பிரதேசக் கல்வி இலாகாவின் தனியார் கல்விப் பிரிவுக்கு, நீங்கள் செய்வதை உள்ளது உள்ளபடி விவரித்து, பதிவு தேவையா என்று கடிதம் எழுதுங்கள். வாய்மொழிப் பதிலோடு திரும்ப வேண்டாம். எழுத்தில் வரும் பதிலைக் கோப்பில் வையுங்கள்.

தமிழ்ப்பள்ளி என்றதும், "தேவார வகுப்பையும் அங்கேயே கொண்டுபோய்விடலாமே" என்று சிலர் சொல்லக்கூடும். அதற்கு வேறு விதி உண்டு. அரசு உதவிபெறும் பள்ளியில் இஸ்லாம் அல்லாத சமயங்களைக் கற்பிக்க நிர்வாக வாரியம் ஏற்பாடு செய்யலாம் என்று கல்விச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் அதற்கு அரசாங்கத்தின் பணத்தைச் செலவிடக்கூடாது, ஒரு மாணவன் தன் சமயம் அல்லாத வேறு சமயப் பாடத்தில் அமர்வதென்றால் பெற்றோரின் எழுத்துவழி ஒப்புதல் வேண்டும். உங்களுக்கு ஆலயம் இருக்கும்போது இந்தச் சுற்றுவழி எதற்கு?

தேவாரம் பாடாத பிள்ளை

முதலில் கிறிஸ்துவப் பிள்ளைகள் இருவரைப் பார்ப்போம். அரசியலமைப்பின் 12(3)ஆவது பிரிவு, தன் சமயம் அல்லாத ஒரு சமயத்தின் போதனையைப் பெறுமாறோ அதன் வழிபாட்டில் பங்குகொள்ளுமாறோ எவரையும் கட்டாயப்படுத்தக்கூடாது என்கிறது. 18 வயதுக்கு உட்பட்டவரின் சமயத்தைப் பெற்றோரோ காப்பாளரோ தீர்மானிப்பார் என்று அடுத்த உட்பிரிவு சேர்க்கிறது. இவ்வுரிமைகள் முதன்மையாக அரசாங்கத்தைக் கட்டுப்படுத்துபவை. தனியார் ஆலயம் ஒன்றின் இலவச வகுப்பை எதிர்த்து இதைக் கொண்டு நீதிமன்றம் ஏறுவது அவ்வளவு எளிதன்று. அதனால் அந்த உறுப்பினர் முன்மொழிந்த விதி சரியாகிவிடாது. கணக்குப் பாடம் வேண்டுமென்றால் பதிகம் பாட வேண்டும் என்று பத்து வயதுப் பிள்ளையிடம் சொல்வதும், உணவுப்பொட்டலம் வேண்டுமென்றால் எங்கள் வழிபாட்டுக்கு வா என்று ஏழைக் குடும்பத்திடம் சொல்வதும் ஒன்றே. இரண்டாவதை வேறு சமயத்தார் நம் அடுக்குமாடிகளில் செய்கிறார்கள் என்று ஆண்டுக் கூட்டங்களில் நாம் கொதித்துப் பேசியிருக்கிறோம். அந்தக் கொதிப்பு நியாயமென்றால் இந்த விதி அநியாயம்.

இஸ்லாமியப் பிள்ளை ஒருவர் பாடத்துக்கு வர விரும்பினால் இன்னும் கவனமாக இருங்கள். இஸ்லாமியர்களிடையே பிற சமயக் கருத்துகளைப் பரப்புவதைச் சட்டத்தின் மூலம் கட்டுப்படுத்த அரசியலமைப்பின் 11(4)ஆவது பிரிவு இடமளிக்கிறது. நீங்கள் பரப்பும் நோக்கம் இல்லாதவராக இருக்கலாம். ஆனால் மண்டபத்தில், தேவாரம் முடிந்த கையோடு, திருநீறு தட்டு மேசைமேல் இருக்க நடக்கும் வகுப்பில் அந்தப் பிள்ளை அமர்ந்திருந்தால், தவறாகப் புரிந்துகொள்ள ஒரு கைப்பேசிப் படம் போதும். பாட வகுப்பைப் பள்ளிக்கு மாற்றச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். நேரத்தாலும் இடத்தாலும் பிரித்துவிட்டால், யார் வந்தாலும் உங்களுக்குத் தயக்கம் இருக்காது.

நான்காம் படிவ மாணவனின் நிலை வேறு. அவன் இந்துக் குடும்பத்துப் பிள்ளை. அவன் சமயத்தைத் தீர்மானிப்பவர்கள் பெற்றோர். ஆகவே சட்டத்தைக் காட்டி உங்களிடம் அவன் எதையும் கேட்க முடியாது. ஆனால் கடிதத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: முதியோர் இல்லத்தில் படுக்கையிலிருக்கும் தாத்தா ஒருவருக்கு முகச்சவரம் செய்துவிட முன்வந்த ஒரே பையன் அவன் என்று. அந்தப் பையனை வாசலில் நிறுத்தி, "பாடினால்தான் உள்ளே" என்று சொன்னால், அவன் போய்விடுவான். போகும்போது சமயத்தைப் பற்றி ஒரு தீர்மானத்தையும் எடுத்துக்கொண்டு போவான். அவனைப் பாட வைக்க முயல வேண்டாம். ஏன் பாட விருப்பமில்லை என்று யாராவது ஒரு மூத்தவர், அறிவுரை சொல்லாமல், அவனிடம் கேட்டாரா? பொருள் தெரியாமல் ஒப்பிப்பது பிடிக்கவில்லை என்று பதினாறு வயதில் ஒருவன் சொன்னால், அதைக் குறையாக நான் நினைக்கமாட்டேன்; உங்கள் வகுப்பில் இராகத்துக்குக் கொடுக்கும் நேரத்தில் பாதியைப் பொருளுக்குக் கொடுக்கிறீர்களா என்று உங்களைத்தான் திருப்பிக் கேட்பேன். அவனுடைய பெற்றோரிடமும் நீங்கள் பேச வேண்டும், ஏனென்றால் அவர்களுக்குத் தெரியாமல் அவனுக்கு மட்டும் விலக்கு அளிப்பது முறையாகாது.

ஆலயத் தலைவர் சமயத்தின் தூய்மை கெடுகிறது என்று உண்மையாகவே கருதினால், அவரோடு அரசியலமைப்பைப் பேசிப் பயனில்லை. நம் முன்னோர் செய்ததைப் பேசுங்கள். வடலூரில் வள்ளலார் 1867இல் தருமசாலையைத் தொடங்கியபோது, பசித்தவனின் சாதியும் சமயமும் கேட்கப்படவில்லை. பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்த ஆசிரமம் 1904இல் எழுந்தது. அதன் பெயரில் தமிழ்ப்பள்ளிகள் நடந்தன, நடக்கின்றன. பூச்சோங் சாலையில் சுவாமி சத்தியானந்தா தொடங்கிய சுத்த சமாஜம், ஆதரவற்ற பிள்ளைகளுக்கு வீடும் கல்வியும் தந்தது. எல்லாச் சமயங்களுக்கும் பொதுவான வழிபாட்டு இல்லமும் அங்கே எழுந்தது. 2023இல் மறையும்வரை அன்னை மங்களம் தம் வாழ்க்கை முழுவதையும் அங்கேயே கழித்தார். இவர்களில் யாரும் சமயத்தைக் குறைத்துக்கொண்டு தொண்டு செய்யவில்லை. அவர்களைத் தொண்டுக்கு அனுப்பியதே அவர்களின் நம்பிக்கைதான். ஆனால் அதை உதவி பெறுபவரிடம் கட்டணமாகக் கேட்டதில்லை. "ஆலயம் சமயத்துக்கு மட்டும்" என்ற தலைவரின் வாதத்துக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியவில்லை.

"நாங்கள் நண்பர்கள்தாமே"

உங்களையும் சேர்த்து ஒன்பது பேர். 1966ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டத்தின்படி, ஏழு பேரோ அதற்கு மேலோ சேர்ந்த எந்தக் குழுவும், நோக்கம் எதுவாயினும், தற்காலிகமானதாக இருந்தாலும், "சங்கம்" என்ற சொல்லுக்குள் வந்துவிடும். ஆலயத்தை விட்டு வெளியேறி, ஒரு பெயர் வைத்து, சட்டை அச்சிட்டு, நன்கொடை வாங்கத் தொடங்கினால், பதிவு செய்யாத சங்கம் என்ற குற்றச்சாட்டுக்கு நீங்களே கதவைத் திறந்து வைக்கிறீர்கள். ஆலயத்துக்குள் இருக்கும்வரை ஆலயத்தின் பதிவு உங்களுக்கு ஓரளவு நிழல் தருகிறது. கோபத்தில் வெளியேறும்போது அந்த நிழலையும் விட்டுவிடுகிறீர்கள் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

தனிச் சங்கமாகப் பதிவு செய்யலாம். உத்தரவாத அளவிலான நிறுவனமாக (பங்குகள் இல்லாமல், உறுப்பினர்களின் உத்தரவாதத்தில் நிற்கும் நிறுவனம்) 2016ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின்கீழ் அமைக்கலாம். இளைஞர் சங்கமாகவும் பதிவு செய்யலாம். கடைசியாகச் சொன்னதற்கு வயது வரம்பு உண்டு. 2019இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம் அந்த வரம்பை 40 வயதிலிருந்து 30ஆகக் குறைத்திருப்பதால், உங்கள் குழுவிலுள்ள 33 வயது நண்பரை வைத்துக்கொண்டு அந்தப் பாதையில் போவது சரிப்படாது. உங்கள் நிலையில் நான் முதலில் தேர்ந்தெடுப்பது ஆலயத்தின் இளைஞர் பகுதி என்ற வழியைத்தான். ஆலயத்தின் சட்டவிதிகளை வாங்கி, நோக்கங்கள் என்ற பகுதியைப் படியுங்கள். கல்வியும் சமூகநலமும் அதில் இருந்தால், தலைவருக்கு நீங்கள் சொல்ல வேண்டிய பதில் அங்கேயே அச்சாகியிருக்கிறது. பல ஆலயங்களின் விதிகளில் அவை இருக்கின்றன, யாரும் படிப்பதில்லை. இல்லாவிட்டால் ஆண்டுக் கூட்டத்தில் திருத்தம் கொண்டுவர வேண்டும். அத்திருத்தம் சங்கப் பதிவு அதிகாரியின் ஒப்புதலுக்குப் பிறகே நடைமுறைக்கு வரும். உறுப்பினராகச் சந்தா கட்டியிருக்கிறீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. வாக்குரிமை இல்லாமல் கூட்டத்தில் எழுந்து நின்று வாதாடுவது வீண்.

பணத்தைப் பற்றிக் கறாராகவே சொல்கிறேன். உங்கள் சேமிப்புக் கணக்கில் இருக்கும் நன்கொடையை இந்த மாதத்துக்குள் அங்கிருந்து எடுத்துவிடுங்கள். எல்லாவற்றுக்கும் ரசீது வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், நம்புகிறேன். ஆனால் நாளை உங்களோடு மனக்கசப்பு கொள்ளும் ஒருவர் அப்படி நம்ப வேண்டிய அவசியமில்லை. ஆலயக் கணக்கில் இளைஞர் பகுதிக்கெனத் தனிப் பேரேடு திறந்து, இருவர் கையெழுத்தில் எடுக்கும்படி வையுங்கள். வீடு வீடாகச் சென்றோ தெருவில் உண்டியல் ஏந்தியோ வசூல் செய்ய 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் காவல்துறையின் உரிமம் தேவை. பிள்ளைகளின் கையில் உண்டியலைக் கொடுத்து அனுப்பும் யோசனை உங்கள் கூட்டத்தில் எழுந்ததாகப் படித்தேன், அதை அங்கேயே விட்டுவிடுங்கள். தொழிலதிபருக்கு வரிவிலக்கு ரசீது தர, வருமான வரிச் சட்டத்தின் 44(6)ஆவது பிரிவின்கீழ் வருமான வரி வாரியம் அங்கீகரித்த அமைப்பால்தான் முடியும். ஆலயத்துக்கு அந்த அங்கீகாரம் இருக்கிறதா என்று பொருளாளரிடம் கேளுங்கள். இல்லையென்றால் இல்லை என்று தொழிலதிபரிடம் இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

யாரும் பேசாத பகுதி

உங்கள் கடிதம் முழுவதிலும் பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: "தொண்டூழியர்கள் எல்லாரும் நமக்குத் தெரிந்தவர்கள்". வழக்கறிஞராக நான் அதிகம் அஞ்சும் வாக்கியம் இதுதான். பிள்ளைகளுக்குத் தீங்கு செய்பவர்களில் பெரும்பாலோர் தெரிந்தவர்களாகவே இருக்கிறார்கள். ஆலயம் என்ற இடத்தின் மீதுள்ள மரியாதை, கேள்வி கேட்கும் பெற்றோரின் வாயை அடைத்துவிடுகிறது.

2017ஆம் ஆண்டு சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் இரண்டு விதங்களில் உங்களைத் தொடுகிறது. பிள்ளையோடு நம்பிக்கைக்குரிய உறவில் இருப்பவர், ஆசிரியரைப் போன்றவர், குற்றம் செய்தால் வழக்கமான தண்டனைக்கு மேல் கூடுதல் தண்டனை உண்டு. குற்றம் நடந்ததை அல்லது நடக்கவிருப்பதை அறிந்தும் காவல்துறைக்குத் தெரிவிக்காமல் இருப்பதும் குற்றமே. அதற்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்கலாம். "ஆலயத்தின் பெயர் கெட்டுவிடும், நமக்குள் பேசித் தீர்த்துக்கொள்வோம்" என்று செயலவை கூடி முடிவெடுத்தால், அந்தக் கூட்டக் குறிப்பே செயலவைக்கு எதிரான ஆவணமாகிவிடும். இதை ஆலயத் தலைவருக்கு மென்மையாக, ஆனால் தெளிவாகச் சொல்லுங்கள்.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவையல்ல. பிள்ளையோடு பெரியவர் ஒருவர் தனித்து இருக்கும் நிலை எங்கும், கழிவறைப் பக்கத்திலும் காரிலும் கூட, வரக்கூடாது. எப்போதும் பெரியவர்கள் இருவர். தொண்டூழியர்கள் பிள்ளைகளுக்குத் தனியாக வாட்ஸ்அப் செய்தி அனுப்பக்கூடாது. பெற்றோரும் இருக்கும் குழுவில்தான் பேச்சு. புதிதாகச் சேர்பவர், அவர் தலைவரின் மைத்துனராகவே இருந்தாலும், சமூக நல இலாகா வைத்திருக்கும் சிறார் பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டில் சரிபார்க்கப்பட வேண்டும். முதியோர் இல்லப் பயணத்துக்கு ஒவ்வொரு முறையும் பெற்றோரின் எழுத்துவழி ஒப்புதல், ஒவ்வாமையும் மருந்தும் குறித்த விவரம், தொடர்புகொள்ள வேண்டிய எண். ஒரு பிள்ளை எதையாவது சொல்லி, என்ன செய்வதென்று தெரியாமல் நீங்கள் தவித்தால், 15999 என்ற தாலியான் காசே அரசாங்க உதவி எண் எந்நேரமும் உண்டு.

தொண்டு பற்றி நீங்கள் கேட்காததைச் சொல்ல அனுமதியுங்கள். முதியோர் இல்லத்துக்கு மாதம் ஒருமுறை போய், பாட்டுப் பாடி, பழம் கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு வருவதைத் தொண்டு என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. பல பெற்றோர் புறப்பாட நடவடிக்கை மதிப்பெண்ணுக்காகச் சான்றிதழ் கேட்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். உள்நாட்டுப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் புறப்பாடத்துக்கு நூற்றுக்குப் பத்து உண்டு. அவர்கள் கேட்பதில் தவறில்லை, செய்த வேலைக்கு உண்மையான சான்று கொடுங்கள். ஆனால் வேலை உண்மையானதாக இருக்கட்டும். உங்கள் அடுக்குமாடியிலேயே அரசாங்கக் கடிதம் வந்தால் படித்துச் சொல்ல ஆளில்லாத முதியவர்கள் இருக்கிறார்கள். உதவித்தொகை விண்ணப்பம், மருத்துவமனை நாள்சீட்டு, மின்கட்டணப் பாக்கி எல்லாம் மலாய்மொழியில் வருகின்றன. ஐந்தாம் படிவ மாணவர்கள் இருவர், ஒரு பெரியவரின் துணையோடு, சனிக்கிழமை ஒரு மணிநேரம் அவற்றைப் படித்து விளக்கினால், பாட்டிக்கு வேலை முடியும், மாணவனுக்கு மலாய்மொழி வரும், ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.பி.எம். கட்டுரைத் தாளில் தெரியாத நாட்டு நடப்பும் தெரியவரும். அடையாள அட்டை எண்களையும் வங்கி விவரங்களையும் படமெடுக்கக்கூடாது, தாளில் எழுதி வைத்துக்கொள்ளக்கூடாது என்பது மட்டும் முதல் நாளே சொல்ல வேண்டிய விதி.

தைப்பூசத்துக்கு அடுத்த நாள் பத்துமலை அடிவாரத்தைப் பார்த்தவர்களுக்கு, அப்பரின் உழவாரத்துக்கு இன்றும் வேலை இருக்கிறது என்று தெரியும். தண்ணீர்ப் பந்தல் போடப் பத்துக் குழுக்கள் போட்டியிடும். நெகிழிக் குவளைகளைப் பொறுக்க ஆள் கிடைப்பதில்லை. ஆலயத்தில் இரத்ததான முகாம் வைத்தால், 18 வயது நிறைந்த மாணவர்கள் கொடுக்கலாம். 17 வயதுள்ளவர் பெற்றோரின் எழுத்துவழி ஒப்புதலோடு கொடுக்கலாம். இளையவர்கள் பதிவு மேசையில் உதவலாம். இப்படிப்பட்ட வேலைகளில் கிறிஸ்துவப் பிள்ளைகளும் நான்காம் படிவ மாணவனும் இயல்பாகவே கலந்துகொள்வார்கள். யார் எதைப் பாடினார்கள் என்ற கேள்வி அங்கே எழாது.

ஆலயத்தை விட்டு வெளியேறுவதா என்ற உங்கள் கேள்விக்கு இப்போதைக்கு என் பதில், வேண்டாம் என்பதே. முதலில் உறுப்பினர் சந்தாவைக் கட்டுங்கள். அடுத்து, சட்டவிதிகளின் நகலைச் செயலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். பணத்தை மாற்றுங்கள். பாதுகாப்பு விதிகளை ஒரே பக்கத்தில் தமிழில் எழுதி, பெற்றோர் கூட்டத்தில் படித்துக் கையெழுத்து வாங்குங்கள். பிறகு பள்ளியின் பதிலோடு செயலவையைச் சந்தித்து, மண்டபம் தேவாரத்துக்கு, வகுப்பறை பாடத்துக்கு, தொண்டு அனைவருக்கும் என்ற ஏற்பாட்டை ஓராண்டுக்கு ஒப்புக்கொள்ளும்படி கேளுங்கள். டியூஷன் மண்டபத்தை விட்டுப் போய்விடுவதால் தலைவரின் எதிர்ப்பில் பெரும்பகுதி அப்போதே குறைந்துவிடும் என்று எதிர்பார்க்கிறேன். அதன் பிறகும் "பாடாத பிள்ளைக்குப் பாடம் கிடையாது" என்ற விதியைச் செயலவை நிறைவேற்றினால், அந்நாளில் வெளியேறுவது சரி. ஆனால் தனிச் சங்கத்தின் பதிவு விண்ணப்பத்தை அதற்கு முன்பே தயார் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

தொழிலதிபரின் 10,000 ரிங்கிட்டைப் பொறுத்தவரை, ஆலயத்தின் பெயருக்குக் காசோலையாக வாங்கிக்கொள்ளலாம். அவர் பெயரை அறிவிப்புப் பலகையில் எழுதி நன்றி சொல்லுங்கள். பிள்ளைகளைப் பதாகைக்குப் பின்னால் நிறுத்திப் படமெடுப்பதற்கு மட்டும், பெற்றோரின் ஒப்புதல் இல்லாமல் முடியாது என்று பணிவாக மறுத்துவிடுங்கள். அடுக்குமாடிப் பிள்ளை இலவச வகுப்புக்குப் போகிறான் என்பது அவன் பள்ளித் தோழர்கள் எல்லாருக்கும் தெரிய வேண்டிய செய்தியில்லை.